யீ நடனத்தை அரங்கேற்ற: 36 பேர், 96 அசைவு, ஒரு பலகை

சீன ஞானி கன்பூசியஸின் கோயில் முற்றத்தில் அவருக்கான வழிபாட்டில் ஆடப்படும் யீ நடனத்தைத் தங்கள் பள்ளியிலோ சங்கத்திலோ ஆடவைக்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது, மொத்தம் எத்தனை அசைவு என்று. 96. படையல் மூன்று, படையலுக்கொரு பாட்டு. பாட்டில் நான்கெழுத்து அடி எட்டு, ஆக 32 எழுத்து. எழுத்துக்கொரு சுரம், சுரத்துக்கோர் அசைவு. கணக்கு இவ்வளவுதான். ஆனால் பயிற்சி தொடங்கும் முன்பே முடிவு செய்யவேண்டியது ஒன்று உண்டு: கன்பூசியஸின் பெயர் எழுதிய பலகையை எங்கே வைக்கப் போகிறீர்கள்?

ஆடுபவர்கள் பார்ப்பது அந்தப் பலகையை. தைபெய் நகரின் தாலோங்தோங் கோயிலானாலும், சியோலில் சுங்க்யுங்வான் வளாகத்திலுள்ள முன்ம்யோ ஆனாலும், பலகை பெரிய மண்டபத்துக்குள். ஆட்டம் மண்டபத்துக்கு வெளியே, முகம் மண்டபத்தை நோக்கி. எதிரே நிற்கும் பார்வையாளருக்கு முதுகுதான் தெரியும். மேடைக்குக் கொண்டுவரும்போது பலர் அணியை அப்படியே பார்வையாளர் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். திருப்பியதும் வணக்க அசைவுகளெல்லாம் கைத்தட்டலுக்கு நன்றி சொல்வதுபோல ஆகிவிடும். ஆடுபவர்களின் கண்ணும் தானாகவே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாவைத் தேடும். சிறுவர்கள் சிரிப்பார்கள். அதன்பிறகு எவ்வளவு திட்டினாலும் அந்தச் சிரிப்பை நிறுத்த முடியாது.

திறந்தவெளி என்றால் பலகையை ஒரு கோடியில் வைத்து, பார்வையாளரை இரண்டு பக்கமும் உட்காரவையுங்கள். நாற்காலிகளை நகர்த்த முடியாத அரங்கம் என்றால், மேடையின் பின்மூலை ஒன்றில் பலகையை வைத்து, வரிசைகளை 45 பாகை சாய்வாக அமையுங்கள். பார்வையாளருக்குப் பாதி முகமும் கையிலிருப்பதும் தெரியும்; ஆடுபவருக்குத் திசையும் மாறாது. பலகை இல்லாமல் ஆடுவதைவிட, எளிய மரப்பலகை ஒன்றை ஒரு மேசைமேல் வைத்தால்கூடப் போதும். சீனாவின் மிங் அரசு 1530இல் செய்த சீர்திருத்தத்துக்குப் பின் சிலையை விட்டுப் பலகை வைப்பதுதான் பெரும்பாலான கோயில்களின் வழக்கம். ஆகவே சிலை தேடி அலைய வேண்டியதில்லை.

ஆறு வரிசையா, எட்டு வரிசையா

எட்டு வரிசை, வரிசைக்கு எட்டுப் பேர், 64 பேர்: இது பேரரசருக்குரியது. ஆறு வரிசை சிற்றரசருக்கு, நான்கு அமைச்சருக்கு. கன்பூசியஸ் காலத்தில் லூ நாட்டு அமைச்சர் குடும்பமான ஜி குடும்பத்தார் தங்கள் வீட்டு முற்றத்தில் எட்டு வரிசை ஆடவைத்தபோது, இதையே பொறுத்துக்கொள்ள முடியுமென்றால் வேறு எதைத்தான் பொறுக்க முடியாது என்று அவர் கொதித்தார். அப்படிப்பட்டவருக்கே எத்தனை வரிசை என்ற பேச்சு பின்னாளில் ஓயவில்லை. 1476இல் மிங் அரசு எட்டு வரிசை கொடுத்தது, 1530இல் ஆறாகக் குறைத்தது, 1906இல் சிங் அரசு மறுபடி எட்டாக்கியது. ஆறு வரிசை என்றால் வரிசைக்கு ஆறு பேரா எட்டுப் பேரா என்பதிலும் பழைய உரையாசிரியர்கள் இரண்டு கட்சி. 36 என்ற கணக்குத்தான் இன்று பரவலாகப் புழங்குவது.

புதிதாகத் தொடங்குபவர்கள் 36இல் நின்றுகொள்வது நல்லது. மரியாதைக் குறைவு ஏதுமில்லை, காரணம் இடம். பெரியவர்கள் ஆடும்போது ஆளுக்கு ஆள் 1.5 மீட்டர் வேண்டும். கையை நீட்டி, அதற்கு மேல் இறகும் நீளும் என்பதால் இதற்குக் குறைந்தால் பக்கத்து ஆளின் காதில் இறகு படும். ஆறு பேருக்கு ஐந்து இடைவெளி, 7.5 மீட்டர்; இரு புறமும் ஒரு மீட்டர் விட்டால் 9.5 மீட்டர் சதுரம். எட்டு வரிசைக்கு அதுவே 12.5 மீட்டர். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு 1.2 மீட்டர் இடைவெளி போதும், எட்டு மீட்டர் சதுரத்தில் அடங்கிவிடும். சின்ன மேடையில் 64 பேரை அடைத்தால் எல்லோரும் முழங்கையை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அப்போது எந்த நிலையும் நிலையாக இருக்காது.

36 பேரோடு கொடிக்கோல் பிடிப்பவர் இருவர் தேவை. குஞ்சம் தொங்கும் நீண்ட கோலைப் பிடித்துக்கொண்டு அணியை மேடைக்கு நடத்திவருபவர்கள் இவர்கள்தாம். மாற்று ஆட்கள் நான்கு பேராவது இருக்கட்டும். அவர்களுக்கு ஒரு கூடுதல் சுமை உண்டு. பல மரபுகளில் கிழக்குப் பாதியும் மேற்குப் பாதியும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக ஆடும். கிழக்கர் இடது பாதத்தை எடுக்கும்போது மேற்கர் வலது பாதத்தை எடுப்பார். மாற்று ஆளுக்கு இரண்டு பக்கமும் மனப்பாடமாக இருக்க வேண்டும்; ஒரு பக்கம் மட்டும் தெரிந்த மாற்று ஆளால் பாதிப் பயன்தான்.

கையில் பிடிப்பவை

யீ நடனத்தில் நாகரிக ஆட்டம், போர் ஆட்டம் என இரு வகை உண்டு. நாகரிக ஆட்டத்துக்கு இடக்கையில் குழல், வலக்கையில் இறகுக்கோல். குழல் என்பது சிவப்பு அரக்குப் பூசிய மூங்கில் துண்டு, ஊதுவதற்கல்ல. இறகுக்கோல் நாகத்தலை செதுக்கிய மரப்பிடி. தைவான் கோயில்களில் அதில் பெசன்ட் கோழியின் நீண்ட வால் இறகு மூன்று செருகியிருக்கும். அடிப்படைப் பிடிப்பில் குழல் கிடை, இறகு நெடுக்கு. குழல் உடம்புக்கு அருகில், இறகு அதற்கு வெளியே. இரண்டும் சேர்ந்து கூட்டல் குறிபோல நிற்கும். உள்ளே வெளியே மாறிவிட்டால் அடுத்த அசைவில் இறகு சொந்த மூக்கிலேயே உரசும். முதல் வாரத்தில் பாதிப் பேர் தும்முவது இதனால்தான்.

இறகு கிடைக்காவிட்டால் செயற்கை இறகு வாங்கலாம், ஆனால் ஒரு சோதனை செய்யுங்கள். பிடியை நெஞ்சுயரத்தில் கிடையாகப் பிடித்து ஐந்து விநாடி அசையாமல் வைத்திருக்கவும். நுனி தொங்கினால் அது வேண்டாம். பார்ப்பவர் கண்ணில் பதிவது கையைவிட இறகின் கோடுதான். 36 கோட்டில் நான்கு தொங்கினாலும் மொத்த அணியும் தளர்ந்து தெரியும். பிடியில் இறகு ஆடாமலிருக்க மெழுகு தடவிய நூலால் இறுக்கிக் கட்டுங்கள். பசை மட்டும் போட்டால் மூன்றாம் ஒத்திகையில் கழன்றுவிடும்.

பயிற்சிக்கு முதல் நான்கு வாரம் இறகே வேண்டாம், அதே நீளமுள்ள மூங்கில் குச்சி போதும். அங்கியின் அகலக் கைகளுக்கு மட்டும் ஒரு குறிப்பு. நாகத்தலையின் கொம்பு அந்தத் துணியில் மாட்டிக்கொள்ளும். கடைசி நாளில் கண்டுபிடிக்காமலிருக்க, பழைய சட்டையில் கைத்துணியை நீட்டித் தைத்து பயிற்சியின் நடு வாரங்களிலிருந்தே போட்டுப் பழகச் சொல்லுங்கள்.

அசைவுகளைப் பழக்கும் முறை

96 என்றதும் மலைக்க வேண்டாம். முதலில் நான்கு உயரங்களைக் கையில் ஏற்றுங்கள்: தோளுக்கு நேராக, கண்ணுக்கு நேராக, நெஞ்சுக்கு நேராக, கையை முழுதும் கீழே விட்டு. இவற்றோடு இரண்டையும் அகற்றுவது, சேர்ப்பது, குறுக்கிடுவது. காலுக்கு நேர்நிலை, பாதம் முன்வைத்தல், குதிகால் ஊன்றி முன்பாதம் தூக்குதல், முழங்கால் தாழ்த்தல், மண்டியிடல். உடலுக்கு நேர், பக்கம் திரும்பல், குனிதல். கை, கால், உடல் மூன்றிலிருந்தும் ஒவ்வொன்று சேர்ந்தால் ஓர் அசைவு. இந்தத் துண்டுகளைத் தனித்தனியே இரண்டு வாரம் பழகியவர்களுக்கு ஒரு பாட்டின் 32 அசைவும் புதிதாகத் தெரியாது. அப்படிப் பழகாமல் காணொளியைப் பார்த்து முதல் அசைவிலிருந்து வரிசையாகக் கற்பவர்கள் பதினைந்தாவது அசைவில் முட்டிக்கொண்டு நிற்பார்கள்.

ஒரு வகுப்புக்கு ஓரடி, அதாவது நான்கு அசைவு. மொத்தம் 24 அடி. வாரம் இரண்டு வகுப்பு என்றால் 12 வாரம், முன்னால் துண்டுப் பயிற்சிக்கு இரண்டு வாரம், பின்னால் இசையோடும் உடையோடும் இரண்டு வாரம்: 16 வாரம். தைவானில் கன்பூசியஸ் பிறந்தநாளும் ஆசிரியர் தினமுமான செப்டம்பர் 28க்கு ஆடவேண்டுமென்றால் ஜூன் இரண்டாம் வாரத்தில் தொடங்க வேண்டும். இடையில் வரும் கோடை விடுமுறையில் வகுப்பை நிறுத்தினால் பிள்ளைகள் மறப்பது அசைவை அல்ல, நிற்பதை. அதைத் திரும்பக் கொண்டுவரத்தான் அதிக நாளாகும்.

ஓர் அசைவுக்கு நான்கைந்து விநாடி. அதில் ஒரு விநாடி நகர்வு, மீதி நிலை. புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். சுரம் முழுக்க மெதுவாக ஊர்ந்து, அடுத்த சுரம் வரும்போதுதான் இடத்துக்கு வந்து சேருவார்கள். தனியாகப் பார்த்தால் நளினமாகத்தான் இருக்கும். 36 பேர் அப்படிச் செய்தால் எந்தக் கணத்திலும் ஒரே படம் கிடைக்காது. வாயால் எண்ணச் சொல்லுங்கள்: ஒன்றில் போய்ச் சேர், இரண்டு மூன்று நான்கில் நில். வேறு நடனம் கற்றவர்கள் கண், புருவம், உதடு எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். இங்கே முகத்துக்கு வேலை இல்லை. பார்வை இறகின் பின்னால் ஓடாமல், அந்த நிலையில் உடல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கண்ணுயரத்தில் நிற்கட்டும்.

அடிக்கடி நடக்கும் மூன்று கோளாறுகளைச் சொல்லிவிடலாம். ஒன்று, அணி மெல்ல முன்னால் நகர்ந்துகொண்டே போவது. முன்வைக்கும் அடி பெரிதாகவும் பின்வைக்கும் அடி சிறிதாகவும் இருப்பதால் ஒரு பாட்டு முடிவதற்குள் முன்வரிசை அரை மீட்டர் தள்ளிப் போயிருக்கும். ஒவ்வொருவர் குதிகாலுக்கும் தரையில் சிறு ஒட்டு, நான்காவது சுரத்தில் குதிகால் அதைத் தொடுகிறதா என்று பார்த்தால் சரியாகும். கல் பாவிய முற்றமென்றால் கற்களின் இணைப்புக்கோடே போதும்.

இரண்டாவது, அலை. பக்கத்து ஆளைப் பார்த்து ஆடுவதால் அசைவு முன்னிருந்து பின்னாகப் பரவும். இதற்கு மருந்து கண்ணை மூடி ஆடவைப்பது. ஒரு முழுப் பாட்டை இசை கேட்டுக் கண்மூடி ஆடச் சொல்லி, ஒவ்வோர் அடியின் முடிவிலும் திறந்து பார்க்கச் சொன்னால் யார் எங்கே பிசகுகிறார் என்பது அவரவருக்கே தெரிந்துவிடும்.

மூன்றாவது கோளாறு ஆசிரியருடையது: திறமையானவர்களை எல்லாம் முதல் வரிசையில் நிறுத்திவிடுவது. உடல் கிழக்கே திரும்பும்போது கிழக்குக் கடைசிக்காரருக்கு முன்னால் யாருமில்லை. மேற்கே திரும்பினால் மேற்குக் கடைசிக்காரருக்கு. நன்றாக ஆடும் நான்கு பேரை நான்கு மூலையில் நிறுத்துங்கள். அடுத்த நல்லவர்கள் ஓரங்களில். தடுமாறுகிறவர்கள் நடுவில், அவர்களுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்னால் ஓர் ஆள் இருப்பார்.

இசையோடு சேர்க்கும்போது

தொடங்கும் அடையாளம் கொடி. மேலே தூக்கினால் இசை, இறக்கினால் அமைதி. கொடி ஏறியதும் சதுர மரத்தொட்டியின் உள்ளே கட்டையால் இடிப்பார்கள். முடிவில் புலி வடிவ மர வாத்தியம்: பல கீற்றாகப் பிளந்த மூங்கிலால் தலையில் மூன்று தட்டு, முதுகிலுள்ள 27 பற்கள்மேல் மூன்று முறை இழுப்பு. ஒவ்வொரு சுரமும் மணியில் தொடங்கிக் கல் வாத்தியத்தில் முடியும் என்பது இந்த இசையின் பழைய இலக்கணம். நான்கு சுரம் முடிந்ததும் முரசு வரும்.

ஆடுபவர்களுக்கு எதைக் கேட்டு நகரவேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: மணி. குரல் அல்ல. பாடுபவர் சுரத்துக்குக் கொஞ்சம் தாமதமாக வருவது இயல்பு. அதைப் பிடித்து ஆடினால் அரை விநாடி பின்தங்கல் நிரந்தரமாகிவிடும். பதிவு செய்த இசைக்கு ஆடினால் ஒலிபெருக்கி ஒன்றைப் பலகைப் பக்கம் வையுங்கள், பின்வரிசைக்குப் பின்னால் இன்னொன்று வேண்டாம். திறந்த முற்றத்தில் இரண்டும் எதிரொலித்து ஒரே மணி இரண்டு முறை கேட்கும்.

நிகழ்ச்சி நேரம் குறைவு, பத்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அமைப்பாளர் சொன்னால் இசையை வேகப்படுத்தாதீர்கள். ஒரு சுரம் இரண்டு விநாடியாகும்போது இது உடற்பயிற்சி வகுப்பாகிவிடுகிறது. முதல் படையலின் 32 அசைவை மட்டும் முழு நிதானத்தில் ஆடுங்கள். மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். உள்ளே வரவும் வெளியே போகவும் இன்னும் ஐந்து நிமிடம். வெட்ட வேண்டியது வேறு ஏதாவது இருந்தால், அது வரவேற்புரை.

நிற்பது

கோயில் விழாவில் ஆடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம் பல மடங்கு. தைபெயில் வழிபாடு 37 படிகள் கொண்டது. காலை 6 மணிக்குத் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். ஆடுவது மூன்று படையலின்போது மட்டும். இறைவருகை, வாழ்த்துரை, படையலை எடுத்தல், வழியனுப்பல் எல்லாவற்றுக்கும் 36 பேரும் குழலையும் இறகையும் குறுக்கே பிடித்தபடி நிற்க வேண்டும். அங்கே ஆடுவது தாலோங் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் கடினம் புரியும்.

மயங்கி விழுவது பெரும்பாலும் மூன்று காரணங்களால்: வெறும் வயிறு, பூட்டிய முழங்கால், தூக்கமின்மை. அதிகாலை என்பதால் சாப்பிடாமல் வருவார்கள். புறப்படும் முன் இரண்டு துண்டு ரொட்டியோ ஒரு கிண்ணம் கஞ்சியோ கட்டாயம். தண்ணீர் கொஞ்சமாக, ஆனால் குடித்தே ஆக வேண்டும். முழங்காலை விறைப்பாக வைத்தால் காலிலிருந்து இரத்தம் மேலேறுவது குறையும். அரை அங்குலம் தளர்த்தி வைத்து, காலணிக்குள்ளே விரல்களை மடக்கி விரிக்கச் சொல்லுங்கள், வெளியே தெரியாது. கண் இருட்டினால் கௌரவம் பார்க்காமல் அங்கேயே மண்டியிட்டு உட்கார வேண்டும், எழுந்து ஓடக் கூடாது. பயிற்சியில் பத்து நிமிடம் நிற்பதிலிருந்து தொடங்கி வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள்.

கொரிய முறையில் ஆடுவதானால்

1116இல் சீனாவின் சோங் பேரரசர் ஹூய்சோங் கொரியாவின் கொர்யோ அரசருக்கு அனுப்பிய வாத்தியங்களோடும் நடனக் கருவிகளோடும் தொடங்கிய மரபு இது. சியோலின் முன்ம்யோவில் நாகரிக ஆட்டம், போர் ஆட்டம் இரண்டும் உண்டு. வரவேற்பு, பட்டுப் படையல், முதல் மதுக் கிண்ணம் ஆகியவற்றுக்கு இறகும் குழலும். இரண்டாம், மூன்றாம் கிண்ணத்துக்குப் போர் ஆட்டம், இடக்கையில் கேடயம், வலக்கையில் கோடரி. நடுவில் ஓர் அணி போய் இன்னோர் அணி வரும் இசைப்பகுதி தனியாக உண்டு. புதியவர்கள் இதை ஒத்திகை பார்ப்பதே இல்லை. ஒரே 36 பேரை இரண்டுக்கும் பயன்படுத்தினால் கருவி மாற்றும் மேசை எந்தப் பக்கம், யார் எதை வாங்குவது என்பதை எண்ணிட்டு எழுதிவையுங்கள்.

இணையத்தில் பார்த்துப் பழகுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மரவாளும் ஈட்டியும் பிடித்து 64 பேர் ஆடும் காணொளி கிடைத்தால் அது ஜோங்ம்யோ, ஜோசொன் அரசர்களின் முன்னோர் ஆலயம். கன்பூசியஸ் கோயில் அல்ல. அதன் இசை 1464 முதல் அங்கே ஒலிப்பது, அசைவும் வேறு. ஆண்டுதோறும் மே மாத முதல் ஞாயிறு நடக்கும் அந்த வழிபாடும் அதன் இசையும் 2001இல் யுனெஸ்கோவால் தலைசிறந்த மரபாக அறிவிக்கப்பட்டு, 2008இல் அதன் பட்டியலில் இடம்பெற்றதால் காணொளிகள் ஏராளம். இரண்டையும் கலந்து கற்றுக்கொண்டு கன்பூசியஸ் பலகைக்கு முன்னால் வாள் வீசுபவர்களை இன்றும் பார்க்கலாம்.

விழா நாள்

போய்ப் பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். நேர் எதிரே இடம் பிடிக்காதீர்கள். மேடையின் பக்கவாட்டில், முன்வரிசையைக் கொஞ்சம் தாண்டி நின்றால் முகமும் தெரியும், நான்கு உயரங்களும் தெரியும். தைபெயில் 6 மணி விழாவுக்கு விடியும் முன்பே போய்விட வேண்டும். பிளாஷ் வேண்டாம், விழாத் தொடக்கத்தில் மூன்றாவது முரசு முழங்கியபின் இடம் மாறவும் வேண்டாம்.

ஆடவைப்பவர்கள் முந்தின நாளே கருவிகளை எண்ணிட்டுப் பையில் போட்டுவிடுங்கள்: 36 குழல், 36 இறகுக்கோல், நான்கு உபரி, கொடிக்கோல் இரண்டு, ஊக்கு, நூல், கத்தரி. மழை வந்தால் இறகு ஒட்டிக்கொண்டு கயிறாகிவிடும். தூறலுக்கு ஒவ்வோர் இறகுக்கோலுக்கும் நீளமான பிளாஸ்டிக் உறை போட்டு, மேடையேறும்போது உருவிக்கொள்ளலாம். பெருமழை என்றால் மண்டபத் தாழ்வாரத்தில் இரண்டு வரிசையாக நின்று கைப்பகுதியை மட்டும் ஆடுவது உசிதம். வழுக்கும் கல்லில் பாதம் தூக்கும் அசைவு ஆபத்து.

முடிந்ததும் கைத்தட்டலுக்காகத் திரும்ப வேண்டாம். கொடிக்கோல்காரர்கள் முன்னே செல்ல, வந்த வழியே வரிசை கலையாமல் இறங்குங்கள். படம் எடுப்பது அதன்பிறகு, மேடைக்குக் கீழே. இறகுகளை ஈரத்தோடு உறையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். நிழலில் ஒரு நாள் தொங்கவிட்டு, நுனி மேலாக நிறுத்தி, கர்ப்பூரம் போட்ட பெட்டியில் வையுங்கள். படுக்கப் போட்டு மேலே அங்கிகளை அடுக்கினால் அடுத்த ஆண்டு 36உம் 36 விதமாக வளைந்திருக்கும்.